கூரையில்லாக் கோயிலில் தாரை வார்ப்பது யார்

மகளே,

நான் சுகம். நீ சுகமோ என்று கேட்கப் போவதில்லை. நேற்றுப் போனில் உன் குரலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. பெரியப்பாவும் பெரியம்மாவும் தாரை வார்த்துக் கொடுக்கட்டும், ஏன் வீண் பிரச்சினை என்று சொல்லிவிட்டு, மொன்றியலில் குளிர் எப்படி என்று கதையை மாற்றினாய். நானும் குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பிறகு அடுப்பில் இருந்த பருப்பை மறந்து நின்று, சட்டியோடு அடிப்பிடிக்க விட்டேன். அந்தச் சட்டியைத் தேய்க்கும்போதுதான் இந்தக் கடிதம் மனதில் ஓடத் தொடங்கியது. உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் எழுதி முடித்ததும் படம் பிடித்து நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன். தினமும் காலையில் ரோசாப்பூவும் வணக்கமும் அனுப்புகிறவர்கள் ஒரு நாளைக்கு இதையும் வாசிக்கட்டும்.

நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியப்பாவும் பெரியம்மாவும் கார்ட்டியர்வில்லில் இருந்து முந்திரிப்பழப் பெட்டியோடு வந்தார்கள். உன் அப்பா கூப்பிட்டபடியே நானும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன், உனக்குத் தெரியும். அண்ணைக்கு முதலில் இங்கிலாந்தில் உன் கலியாணம் நடக்கப் போகிற இடம் பிடிக்கவில்லை. லண்டன் முழுக்க மண்டபம் இருக்க, துறவிகள் விட்டுப்போன ஒரு இடிபாட்டுக்குள் தாலி கட்டுவது என்ன முறை என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்வதற்கிடையில் இரண்டாவது கதையை எடுத்தார். அதை அவர் மெதுவாக, அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் அது இன்னும் கூடச் சுட்டது.

"தம்பி இருந்திருந்தால் வேற கதை. நாங்கள் ரெண்டு பேரும் நிண்டு பிள்ளையைக் குடுக்கிறம். நீர் முன் வரிசையில வடிவா இரும்."

பெரியம்மா என் கையைத் தடவிக்கொண்டிருந்தா. நான் தேத்தண்ணி ஊற்றினேன். அவர்கள் போன பிறகுதான் சொல்ல வேண்டியது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது, எனக்கு எப்போதும் அப்படித்தான். அதற்குள் அவர் உனக்குப் போன் எடுத்துவிட்டார், நீயும் சரி என்றுவிட்டாய்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். குழுவில் பாதிப் பேர் அதை ஏதோ பேய் பங்களா என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மகளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கிறவர்களிடம், இடிந்ததை இடிந்தபடியே விழாமல் வைத்திருக்கிற வேலை என்று சொல்வேன். நான் சமைக்கிற கார்டெரியில், அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளைப் பார்க்கிற பெண்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். போன கோடையில் நீ என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டும்வரை எனக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது. இங்கிலாந்தின் வடக்கே, இரண்டு மேட்டுக்கு நடுவில், ஆற்றோரம். வெள்ளை அங்கி போட்ட துறவிகள் சிலர் வந்து இறங்கியபோது அங்கே முள்ளும் சேறும்தான் இருந்ததாம். அவர்கள் காட்டை வெட்டி, ஆடு வளர்த்து, கம்பளி விற்று, அந்தப் பெரிய கற்கோயிலைக் கட்டினார்கள். ஆற்றில் ஒரு கிளையைப் பிரித்துச் சமையலறைக்குக் கீழேயும் கக்கூசுக்குக் கீழேயும் ஓட விட்டிருந்தார்கள். அந்தக் கல் வாய்க்காலுக்குப் பக்கத்தில் நான் வெகுநேரம் நின்றேன், உனக்கு நினைவிருக்கும். இத்தனை புத்தியுள்ளவர்கள் குளிர்காலம் முழுக்க நெருப்பு மூட்ட ஒரேயொரு அறையைத்தான் வைத்திருந்தார்கள் என்று நீ சொன்னபோது, மொன்றியலில் இத்தனை குளிர்காலம் கண்டவளுக்கு அவர்களுடைய பக்தி உடனே விளங்கிவிட்டது.

பிறகு அரசன் வந்தான். கட்டின மனைவியைத் தள்ளிவிட்டு இன்னொருத்தியைக் கட்ட அவனுக்கு ஆசை, ரோமாபுரியில் இருந்த பெரியவர் விடவில்லை. அந்தச் சண்டை வளர்ந்து, மடங்களின் சொத்தில் கண் விழுந்து, கடைசியில் நாடு முழுக்க மடங்களை மூடினான். துறவிகள் வெளியே போக, அவனுடைய ஆட்கள் கூரையில் ஏறி ஈயத் தகடுகளை உரித்தார்கள். துறவிகள் இருந்து பாடிய மரப் பலகைகளைப் பிளந்து எரித்து அந்த ஈயத்தை உருக்கினார்கள் என்று நீ சொன்னாய். மிச்சத்தை மழை பார்த்துக்கொண்டது. ஊர்ச்சனம் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய் மாட்டுக்கொட்டிலும் வீடும் கட்டியது. அண்ணை, குழுவில் இதை வாசித்தால் ஒன்றை யோசியுங்கள். ஒருவனுடைய கலியாண ஆசையால் தொடங்கிய சண்டையில் உடைந்த கோயில் அது. அங்கே என் பிள்ளையின் கலியாணம் நடப்பதில் என்ன குறை? பாழ் என்கிறீர்கள். சாமி கும்பிட்ட இடம் கூரை போனதால் பாழாகிவிடுமென்றால், எங்கள் நாட்டுப் போரில் செல்லடி பட்ட கோயில் எல்லாவற்றையும் என்னவென்று சொல்வோம்?

இனி உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விசயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நான் வாசலிலேயே செருப்பைக் கழற்றினேன். நீ வெட்கப்பட்டு, அம்மா இது இப்ப கோயில் இல்லை என்றாய். நான் கேட்கவில்லை. நனைந்த புல்லில் வெறுங்காலோடு, நாய் கொண்டுவந்த வெள்ளைக்காரர்கள் பார்க்கப் பார்க்க, மேற்கு வாசலால் உள்ளே போனேன். இரண்டு பக்கமும் தூண்கள், மேலே வெறும் வானம். நடந்துகொண்டே போய்ப் பாதி வழியில் நின்றுவிட்டேன். காலடியில் ஒரு வரிசைக் கல் புல்லோடு புல்லாகக் குறுக்கே கிடந்தது. ஏன் நின்றேன் என்று எனக்கே தெரியாது. கும்பிட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன். நீ பின்னால் வந்து என் காலைப் பார்த்தாய், கல்லைப் பார்த்தாய், உன் முகம் மாறியது.

"அம்மா, நீங்கள் நிக்கிற இடத்திலதான் அவையளை மறிச்சு வைச்சிருந்தவங்கள்" என்றாய்.

பிறகுதான் விளக்கினாய். அந்த மடத்தில் இரண்டு சாதித் துறவிகள் இருந்தார்களாம். சாதி என்பது என் சொல், நீ அப்படிச் சொல்லவில்லை. படித்துப் பாடுகிறவர்கள் ஒரு வகை. வயலிலும் ஆட்டுப்பட்டியிலும் வேலை செய்கிறவர்கள் மற்ற வகை. உழைக்கிறவர்களுக்குச் சாப்பாட்டறை வேறு, படுக்கிற இடம் வேறு, கோயிலுக்குள் வருகிற வழியும் வேறு. நடுவில் ஒரு மதில். அதற்கு மேற்கே அவர்கள், கிழக்கே பீடமும் பாட்டும். மதில் கட்டக் கல் சுமந்தவன் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிட வேண்டும். கல் பெயர்க்க வந்தவர்கள் அந்த மதிலையும் விட்டுவைக்கவில்லை. இப்போது அடிக்கல் ஒரு வரிசைதான் மிச்சம். தாண்டுங்கோ அம்மா, கிழக்குப் பக்கம்தான் வடிவு என்று கையை நீட்டினாய். கால் நோகிறது, இங்கேயே நிற்கிறேன் என்றேன். என் காலுக்கு அன்றைக்கு ஒன்றுமில்லை, மகளே. மதில் போன பிறகும் நான் மதிலுக்குப் பின்னால் நின்றேன், அவ்வளவுதான்.

எங்கே பழகினேன் என்று உனக்குத் தெரியும். உன் பெரியப்பாவின் மூத்த மகளுடைய கலியாணம் இங்கே மொன்றியலில் நடந்தபோது உன் அப்பா போய் அதிக காலம் ஆகவில்லை. புவாண்ட்-கிளேரில் வேலை செய்த கிடங்கிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த மனிசன், வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. நீ பள்ளிக்கூடப் பிள்ளை. கலியாணத்துக்கு முதல் நாள் முழுக்க நான்தான் பலகாரம் சுட்டேன், தேங்காய்க்கு மஞ்சள் பூசினேன், தட்டுகளை அடுக்கினேன். மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பக்கத்தில் இருந்த ஆரத்தித் தட்டை யோசிக்காமல் எடுத்துவிட்டேன். யாரோ ஒரு தங்கச்சி சிரித்த முகத்தோடு அதை என் கையில் இருந்து வாங்கி, நீங்கள் இருங்கோ அக்கா, நாங்கள் பாக்கிறம் என்றாள். நான் போய்க் கடைசிக் கதிரையில் இருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் பனிக்காற்று முதுகில் அடித்தது. நீ மணவறைக்குப் பக்கத்தில் சிநேகிதிகளோடு நின்றவள், அங்கிருந்து வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாய். வீட்டுக்கு வரும் வழியில், உங்கட கையில என்ன பிழை அம்மா என்று கேட்டாய். நான் ரேடியோவைப் போட்டேன்.

அந்தக் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். என் கையில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் கைதான் உனக்குக் காய்ச்சலில் ஈரத்துணி போட்டது. அப்பா போன பிறகு கார் ஓட்டப் பழகியது. நீ சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கல்லூரிக்குப் போன காலத்தில் பனி கொட்டுகிற காலைகளில் உன்னை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போனது. பெரிய லாரிகள் கண்ணாடியெல்லாம் சேறு அடித்துவிட்டுப் போகும். நான் திருவாசகத்தில் தெரிந்த நாலு வரியைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு ஓட்டுவேன். நீ பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொள்வாய். என் ஓட்டத்தை நம்பி அந்தப் பனிக்குள் நித்திரை கொண்ட ஒரே ஆள் நீதான்.

உன் பெரியப்பாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. குழுவில் வாசிக்கிற யாரும் அப்படி நினைக்கவும் விடமாட்டேன். பெண்பிள்ளை தனியாகப் பனிக்குள் ஓட்டுவதோ என்று முதலில் சத்தம் போட்டவர் அவர்தான். நான் கேட்காமல் ஓட்டியதும், ஒவ்வொரு வருசமும் பனிக்கு முன்னால் வந்து என் காருக்குக் குளிர்கால டயர் மாற்றிக் கொடுத்தவரும் அவர்தான். அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர். அந்த மனிசனுக்கு என் மேல் இருக்கிற அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. அன்பாகச் சொன்னாலும் பிழை பிழைதான். அவர் என்னைத் தாங்கலாம். என் இடத்தில் நிற்க முடியாது.

முன் வரிசையில் வடிவாக இரும் என்றாரே, அதைக் கேட்டதும் எனக்கு அந்தக் கூலிச் சாமியாரின் நினைவு வந்தது. குழுவில் உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன். துறவிகள் போய் வெகுகாலத்துக்குப் பிறகு அந்தக் காணி ஒரு பணக்காரப் பிரபுவின் கைக்கு வந்தது. இடிந்த கோயில் அவனுக்குத் தோட்டத்து அலங்காரம். பார்வைக்கு இடைஞ்சல் என்று ஒரு சுவரை இடித்தான், ஆற்றை மறித்துக் குளம் வெட்டினான், மீன் வளர்த்த பழைய குளங்களைத் தூர்த்துப் புல் போட்டான். அதுவும் போதாமல், குளக்கரையில் ஒரு குடிசை போட்டு, தாடி வளர்க்க வேண்டும், நகம் வெட்டக் கூடாது, விருந்தாளி வந்தால் வாய் திறக்காமல் சோகமாக இருக்க வேண்டும் என்று சொல்லி ஒருவனைச் சம்பளத்துக்கு வைத்தான். சாமியார் கொஞ்ச நாளில் சாராயக் கடையில் பிடிபட்டு வேலையை இழந்தார் என்று நீ சொல்ல, நாங்கள் இருவரும் அந்தக் குளக்கரையில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பட்டுச்சேலை கட்டி, கண் கலங்க, வாய் திறக்காமல் முன் வரிசையில் இருக்க என்னைக் கேட்கிறார்கள். அந்த வேலைக்கு நான் சரிவர மாட்டேன்.

கலியாணம் கட்டப் போகிற பிள்ளைக்குத் தாய் புத்திமதி சொல்ல வேண்டுமாம். என்னிடம் அதிகம் இல்லை. அந்தத் துறவிகள் பேசக் கூடாத நேரங்களில் கையால் சைகை காட்டித்தான் மீனும் பாணும் கேட்பார்கள் என்றாய். நானும் உன் அப்பாவும் அதில் வல்லவர்கள். சண்டை வந்தால் இரண்டு பேரும் வாயை மூடிவிடுவோம். உப்பு வேண்டுமென்றால் அவர் மேசையில் ஒரு விரலால் தட்டுவார். நான் உப்புப் போத்தலைத் தள்ளிவிட்டு மறுபக்கம் பார்ப்பேன். நீ நடுவில் இருந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாய். அப்போது அது எனக்கு வெற்றி மாதிரி இருந்தது. அவர் திடீரென்று போன பிறகு, பேசாமல் கழித்த அந்த நாட்களைத் திருப்பித் தரச் சொல்லி யாரிடம் கேட்பதென்று தெரியாமல் அழுதேன். நீ கட்டப் போகிற டானியல் கல்லோடு வேலை செய்கிற பிள்ளை, இயல்பிலேயே பேச்சுக் குறைவு. அவனோடு சத்தம் போடு, கோப்பையை உடை, ஆனால் பேசாமல் இருக்காதே. இன்னொன்று. வீட்டில் சமாதானம் வேண்டுமென்று உன்னுடையதை எவ்வளவு வேண்டுமானாலும் விட்டுக்கொடு, அது உன் விருப்பம். நேற்று நீ விட்டுக்கொடுத்தது என்னுடையதை.

இன்று காலை நான் இரண்டு போன் எடுத்தேன். முதலாவது, அங்கே உங்கள் கலியாணத்தை நடத்தப் போகிற ஐயருக்கு. தாய் தனியாக நின்று பெண்ணைக் கொடுக்கலாமா என்று நேரே கேட்டேன். தம்பதியாக நின்று கொடுப்பதுதான் வழக்கம், ஆனால் நீங்கள் சொன்னால் நான் மந்திரம் சொல்லுவன், சபையில் யாராவது எழும்பிக் கேட்டால் மட்டும் நான் பொறுப்பில்லை என்றார். எழும்புகிற ஆளை இருத்துவது என் பொறுப்பு ஐயா என்றேன். அவர் சிரித்துவிட்டு, பீடம் எந்தத் திசையில் என்று விசாரித்தார். கிழக்கே என்றதும் அவருக்குப் பரம திருப்தி. இரும்புத் தட்டில், புல்லில் படாமல் ஓமம் வளர்க்க உங்கள் அலுவலகம் சம்மதித்த கதையையும் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, உன் பெரியப்பாவுக்கு. குழுவில் போட்டு அவர் மற்றவர்களோடு சேர்ந்து வாசித்து அறிவதற்கு முன், என் வாயால் சொல்ல வேண்டுமென்று நினைத்தேன். அண்ணை, என்ர பிள்ளையை நான்தான் குடுப்பன் என்றேன்.

"அப்ப நாங்கள் என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

"மேல கூரை இல்லை அண்ணை. மழை வந்தால் பிள்ளையளுக்குக் குடை பிடியுங்கோ."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். இன்னும் சொல்லவில்லை. வராமலும் விடலாம். வராவிட்டால் எனக்கு வலிக்கும், நன்றாகவே வலிக்கும். உன் அப்பாவின் முகச்சாடை உள்ள ஒரு முகமாவது அந்தத் தூண்களுக்கு நடுவில் இருக்க வேண்டுமென்று எனக்கு ஆசை. ஆனாலும் சொன்னதை மாற்ற மாட்டேன். நீயும் அவருக்குப் போன் எடுத்து எனக்காக மன்னிப்புக் கேட்காதே.

தாரை வார்க்கும்போது தகப்பன் பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்க, தாய் தண்ணீர் ஊற்றுவது முறை. இரண்டு பேர் வேண்டுமே என்று பெரியம்மா அந்தப் போனில் பின்னால் நின்று கேட்டா. இடக்கையால் உன் கையை டானியலின் கையில் வைப்பேன். வலக்கையால் தண்ணீர் ஊற்றுவேன். இரண்டு பேர் செய்ய வேண்டியதை ஒருத்தியாகச் செய்து எனக்கு நல்ல பழக்கம். நம் சாமி அறைச் செம்பைப் புளி போட்டு விளக்கி, சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

மணவறையை அந்தக் கல் வரிசைக்குக் கிழக்கே போடச் சொல். மேற்கே போட்டால் எனக்கு லேசாக இருக்குமென்று நினைத்து மாற்றிவிடாதே. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, நிறைசெம்போடு, எல்லாரும் பார்க்க நடுவழியால் நடந்து வருவேன். கல்லடிக்கு வந்ததும் கை கொடுக்க ஓடி வராதே, உன் இடத்திலேயே இரு. இந்த முறை என் கால் நோகாது.

அம்மா